ஆளுக்கொரு நகல்

பஹாட்கஞ்ச் விடுதியில் முந்நூற்றேழாம் அறை.
ஒரே ஒரு ப்ளக் பாயின்ட்,
அதுவும் தொளதொள.
மதலைமுத்து தீக்குச்சியை ஒடித்துச் செருகி
ஒயரைக் கட்டில் காலோடு கட்டிவிட்டு
"அசையாதே" என்றான்.
என்னையா ஒயரையா, தெரியவில்லை.

நாற்பத்தோரு நாள்,
தபால்தலை அளவில் ஆறு மெமரி கார்டுகள்.
சந்திரதாலின் நீலம், கீ மடத்தின் படிக்கட்டு,
காஸாவில் என்னைக் கடிக்க வந்து
மனம் மாறிய நாய்,
எல்லாம் ஒரு சோப்பு டப்பாவுக்குள்.
திறந்தால் இன்னும் சந்தன வாசம்.

ஒரு நகல் அவன் டிஸ்கில்.
ஒரு நகல் என் டிஸ்கில்.
மூன்றாவது மேகத்துக்குப் போகவேண்டும்.
விடுதியின் வைஃபையோ
இரண்டாம் மாடியிலேயே மூச்சு வாங்குகிறது.
நேற்று ராத்திரி முழுக்க ஏறியது ஒரே படம்,
லென்ஸ் மூடியைக் கழற்றாமல் நான் எடுத்த
சுத்தக் கறுப்பு.

மணாலியில் ஒரு புனே பையன் சொன்னான்,
கேமராவும் டிஸ்கும் ஒரே பையில் வைத்திருந்தானாம்.
பஸ் கிளம்பியபோது பை கிளம்பவில்லையாம்.
"ஒரு நகல் மட்டும் இருந்தால்
அது இல்லாத மாதிரிதான்" என்று
மேகி நூடுல்ஸை வெறித்துக்கொண்டே சொன்னான்.

அன்றிலிருந்து எங்களுக்குத் தனித்தனிப் பை.
பிறகு பஸ்ஸில் தனித்தனி வரிசை,
பள்ளத்தில் உருண்டாலும் ஒன்றாவது மிஞ்சும் என்று
சிரித்துக்கொண்டுதான் பேசினோம்.
காஸாவில் தனித்தனி அறை.
அதற்கு யாரும் காரணம் சொல்லவில்லை.

இன்று ஒரே அறை,
லேப்டாப் ஒன்றுதான் என்பதால்.

திரையில் பச்சைக் கோடு நகர்கிறது.
இன்னும் இரண்டு மணி நேரம் என்கிறது,
பதினோரு நிமிடம் என்கிறது,
மறுபடி மூன்று மணி நேரம் என்கிறது.
எழுபத்தொரு சதவீதத்தில் கரன்ட் போனது.
கீழிருந்து தில்பாக் குரல் கொடுக்கிறார்,
பாஞ்ச் மினிட், பாஞ்ச் மினிட்.
டெல்லியின் ஐந்து நிமிடம்
எங்கள் ஊர் ஐந்து நிமிடத்தைவிட நீளம்.

பேட்டரி பத்தொன்பது.
மிச்சமாகட்டும் என்று
திரையின் வெளிச்சத்தைக் குறைத்தேன்.
அவன் முகமும் சேர்ந்து குறைந்தது.
இருட்டில் இரண்டு டிஸ்குகளின் சின்ன விளக்குகள் மட்டும்
மாறி மாறிச் சிமிட்டின,
பேசிக்கொள்வதுபோல.

கரன்ட் வந்தது. கோடும் முடிந்தது.
"ஆற்றில் போட்டாலும் அளந்து போடு" என்று
எண்ணிப் பார்த்தான்.
அவனிடம் நாலாயிரத்து முந்நூற்றுப் பதினெட்டு.
என்னிடம் பதினேழு.

"ஒண்ணு குறையுதே."

எது என்று தெரியும் எனக்கு.
லோசரில் டீக்கடைக்கார அம்மா எடுத்தது.
வாய் பிளந்து அவன் தோளில் தூங்குகிறேன்.
ஆறிப்போன கிளாஸைக் குடிக்காமல் பிடித்தபடி அவன்,
கை அசைந்தால் விழித்துவிடுவேனோ என்று
கல்லாகி உட்கார்ந்திருக்கிறான்.
இருட்டில் என் விரல்தான்
அந்த ஒன்றின் டிக்கை எடுத்தது.

"தேடிப் போடவா?
என் வண்டிக்கு இன்னும் நேரமிருக்கு."

"வேண்டாம். ஏதாவது மங்கலா எடுத்ததா இருக்கும்."

அவன் என்னைப் பார்க்கவில்லை.
தீக்குச்சியைப் பிடுங்கி ஜன்னலில் வைத்தான்,
அடுத்து வருபவருக்கு.

கேரளா எக்ஸ்பிரஸில் அவன்,
ஒரு மணி நேரம் கழித்துத் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் நான்.
டிக்கெட் எடுத்ததும் தனித்தனியாகத்தான்.
ஓக்லா தாண்டும்போது செய்தி வந்தது.
"டிஸ்க் பையை ஜன்னல் பக்கம் வைக்காதே, கை நீளும்."

எடுத்து முதுகுக்கடியில் தள்ளிக்கொண்டேன்.
அதன் மூலை குத்தியது.
சோப்பு டப்பா யாரிடம் இருக்கிறது என்று
அப்போதுதான் யோசித்தேன்.